யாரும் வராத நெற்கிடங்கு

“நன்றி கெட்ட ஊர் இது, அடிகளே,” என்றான் வெண்கொற்றன்.

குகை வாசலில் அமர்ந்திருந்த குரத்தி நேமியாள் நிமிர்ந்து பார்த்தார். சமணத் துறவி. வெண்கொற்றனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவனுக்கு அவர்தான் ஆசான்.

“ஊர் என்ன செய்தது?”

“ஒன்றும் செய்யவில்லை. அதுதான் குற்றம். இரண்டு வருஷமாக மழை இல்லை. குழந்தைகள் புல்லரிசி பொறுக்கித் தின்கின்றன. அரசர் என்னை இங்கே தலைவனாக அனுப்பினார். வந்ததும் நெற்கிடங்கைத் திறந்தேன். கொம்பு ஊதி, ‘நெல் தருகிறோம், வாருங்கள்’ என்று கூவச் சொன்னேன். ஒரு ஆள்கூட வரவில்லை. எல்லோரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.”

“பிறகு?”

“மறுநாளும் ஊதினோம். மறுநாளும் சாத்தினார்கள். நாளைக்குக் கதவை உடைத்து இழுத்து வரச் சொல்லியிருக்கிறேன். பட்டினியில் சாக விடலாமா? நான் செய்வது சரிதானே?”

“உனக்கு முன்னால் இந்த ஊரில் கொம்பு ஊதியது யார்?”

“எனக்கெப்படித் தெரியும்? பசி இன்றைக்கு. நெல் இன்றைக்கு. பழங்கதை கேட்க ஏது நேரம்?”

குரத்தி எழுந்தார். மயிற்பீலியை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார்.

வெண்கொற்றன் குதிரையை அவிழ்க்கப் போனான்.

“நடந்து வா,” என்றார்.

ஊரின் முதல் வீடு சேந்தியுடையது. பானை வனைகிறவள். குரத்தியின் குரல் கேட்டுக் கதவைத் திறந்தாள். பின்னால் நிற்பவனைப் பார்த்ததும் பாதி சாத்தினாள்.

“கிடங்குக்கு ஏன் போகவில்லை, சேந்தி?”

“எங்க அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோதும் இப்படித்தான் பஞ்சம், அடிகளே. அப்போதும் கொம்பு ஊதினார்கள். இதே வார்த்தைதான். நெல் தருகிறோம், வாருங்கள். கிடங்கு முற்றத்தில் ஆட்கள் நிறைந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள். கையைக் கட்டி, எங்கேயோ அணை கட்ட ஓட்டிப் போனார்கள். ஒருத்தரும் திரும்பவில்லை. அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியாமல் வீட்டில் கிடந்தாள். அதனால்தான் நான் இருக்கிறேன்.”

“அந்தத் தலைவன் வேறு, நான் வேறு!” என்றான் வெண்கொற்றன்.

சேந்தி அவனை நேராகப் பார்த்தாள்.

“அது உங்களுக்குத் தெரியும், ஐயா. எங்களுக்கு எப்படித் தெரியும்?”

உள்ளே ஒரு குழந்தை அழுதது. அழக்கூடத் தெம்பில்லாத அழுகை.

வெண்கொற்றன் குரத்தியைத் திரும்பிப் பார்த்தான். அவர் பீலியால் எறும்புகளை மெல்ல விலக்கி, தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவன் தெருவைப் பார்த்தான். கூப்பிடு தூரத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. பிள்ளைகள் பசியில் துவள்கிறார்கள். அப்படியும் ஒரு கதவும் திறக்கவில்லை.

“என் படையில் இவ்வளவு உறுதியை நான் கண்டதில்லை,” என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

பிறகு கிடங்குக்கு நடந்தான். வீரர்களை ஆற்றுக்கு அக்கரையில் போய் நிற்கச் சொன்னான். கொம்புக்காரனையும் அவர்களோடு அனுப்பினான். வாளை அவிழ்த்து அவர்களிடமே கொடுத்தான்.

தோளை முட்டுக் கொடுத்து, கிடங்கின் பெருங்கதவை அது சுழலும் குடுமியோடு பெயர்த்தான். இரண்டு பலகைகளையும் கோடரியால் பிளந்தான். அந்த விறகில் உலை வைத்தான்.

கஞ்சி கொதித்தது. வாசனை தெருவுக்குள் போனது. அவன் யாரையும் கூப்பிடவில்லை.

வெயில் சாய்ந்தது.

சேந்தி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கதவு இருந்த இடத்தில் நின்றாள். வெறும் நிலையைக் கையால் தடவிப் பார்த்தாள். உள்ளே வந்தாள்.

அவன் கஞ்சியை ஆற்றி ஊற்றினான். பெண் குழந்தை குடித்தது. தெருவில் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று.

போகத் திரும்பிய சேந்தி நின்றாள்.

“உங்க பேர் என்ன, ஐயா?”

“எதற்கம்மா?”

“இவள் பெரியவளானால் சொல்ல வேண்டாமா?”