எல்லார் வீட்டுக்கும் நடுவில் ஒரு நெருப்புக்குழி

தை மாதப் பனி தாங்காமல், ஒரு மலைக்காட்டு விலங்குகள் குளிர்காய நெருப்புக்குழி வெட்டுவது என்று முடிவு செய்தன. தேன் எடுக்க வந்தவர்கள் விட்டுப்போன கொள்ளிக்கட்டை குரங்கிடம் இருந்தது. வெட்டுகிற வேலை வழக்கம்போலக் காட்டுப்பன்றியின் தலையில் விழுந்தது.

"ஆத்தோரம் வெறும் மணல். பத்திக்க ஒண்ணுமில்ல, தண்ணியும் பக்கம். அங்க வெட்டறேன்," என்றது பன்றி.

"இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் யாரு நடக்கறது? என் மரத்தடியில வெட்டு," என்றது குரங்கு.

பன்றி வெட்டியது. புகை மேலே வந்தால் பிள்ளைகளுக்கு இருமல் வரும் என்று குரங்கின் பெண்டாட்டி கத்தியது. பன்றி மூடியது. பிறகு முயலின் வளை வாசலில் வெட்டியது. முயலுக்கு மட்டும் வாசலிலேயே சூடா என்று நரி சண்டைக்கு வந்தது. அதையும் மூடியது. நரி வாசலில் வெட்டியபோது, அங்கே வரவே மாட்டேன் என்றது முயல். அதுவும் நியாயம்தானே, நரி வாசலில் முயல் எப்படிக் குளிர்காயும்?

கடைசியில் குரங்கு ஒரு வழி கண்டுபிடித்தது. "எல்லார் வீட்டுக்கும் சமதூரத்துல வெட்டினா யாருக்கும் குறையில்ல!"

நடுவில் இருந்தது காய்ந்த புல்வெளி. அங்கே ஒரு காடை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

இடம் ஆகாது என்று பன்றிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் மூக்கு தேய்ந்து, கால் கடுத்து, இன்னொரு சண்டை போட அதற்குத் தெம்பில்லை. "சரி, சரி. அங்கயே வெட்டித் தொலைக்கறேன். என்னைத் தூங்க விட்டா போதும்."

காடை ஓடி வந்தது. "பன்றியண்ணே, முட்டை பொரியற நேரம். இங்கயா தீ வைக்கறது? உங்களுக்குத் தெரியாததா?"

பன்றி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. "காத்து அடிக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது, போ."

பன்றியே சொல்லிவிட்டதே என்று நம்பிக் காடை திரும்பிப் போனது.

பொழுது சாய்ந்ததும் விலங்குகள் நெருப்பு மூட்டின. பன்றி ஒரு புதருக்குள் போய்ப் படுத்துவிட்டது. மற்றவை சுகமாகக் கால் நீட்டிக் குளிர்காய்ந்தன. மலையில் காற்று இறங்க எவ்வளவு நேரமாகும்? ஒரு பொறி புல்லில் விழுந்தது, அவ்வளவுதான். குரங்கு மரமேறியது. முயலும் நரியும் ஒரே திசையில் ஓடின. பன்றி பதறி எழுந்து வந்து, மண்ணைத் தள்ளித் தள்ளித் தீயை அணைப்பதற்குள் பாதிப் புல்வெளி கரியாகிவிட்டது. காடை தப்பித்தது. முட்டைகள் போய்விட்டன.

பன்றிக்கு அழுகை வந்தது. "ஆத்தோரம்னு நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டாங்க?"

"சொன்னீங்க அண்ணே," என்றது காடை. "அவங்களுக்குத் தெரியல, வெட்டச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வெட்டினீங்க."



ஆபத்தை அறிந்தவர் அலுத்துப்போய்ச் சம்மதிப்பது, அறியாதவர் செய்யும் தவறைவிடப் பெரிய தவறு.