நாலு மடிப்புத் துணி

"மிஸ், பத்தொன்பது வருஷம் தொடாம விட்ட கணக்கு திரும்ப வருமா? வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்க."

கேட்டவள் தமயந்தி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் தைக்கிறவள். ரெண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணமாகி, பாதியில் நின்ற பி.எஸ்சி.யை இப்போது தபால் வழியில் தொடர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு.

கேட்கப்பட்டவள் ஷர்மிளா. அந்த வகுப்புக்குக் கணக்கு டீச்சர். தமயந்தி காலேஜை விட்டு நின்றபோது ஷர்மிளா ரெண்டாங்கிளாஸ்.

வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். தமயந்தி மட்டும் போகவில்லை. கையில் ஒரு கவர்.

"என்னக்கா அது?"

"படிப்பை நிறுத்திக்கிறேன்னு லெட்டர். ஆபீஸ் ஒரு மணி வரைக்கும்தானே? நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாக் குடுத்திடுவேன்."

ஷர்மிளா கவரை வாங்கவில்லை. டஸ்டரால் போர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"காலையில போர்டுல நின்னேனே, பார்த்தீங்கல்ல? ஒரு எழுத்து வரல. பின்னாடி ஒரு பொண்ணு, 'ஆன்ட்டி, உப்புப் போட மறந்துட்டீங்களா'ங்குது."

"நானும் கேட்டேன்."

"அது போகட்டும் மிஸ், சின்னப் பொண்ணு. எங்க வீட்ல என்னைக் கணக்குப் படிச்சவன்னுதான் சொல்லுவாங்க. பொண்ணு பார்க்க வந்தப்பவும் அப்படித்தான் சொன்னாங்க. நான் பெத்தது ரெண்டும் ஸ்கூல்ல அப்படித்தான் பீத்திக்குது. அதுல ஒண்ணுமே இல்லேன்னா..." கவரைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அதெல்லாம் பொய்யா மிஸ்?"

ஷர்மிளா போர்டைத் துடைத்து முடித்தாள்.

"ஏதாவது ஒண்ணு ஞாபகம் இருக்கும்ல. சொல்லுங்க."

தமயந்தி கண்ணை மூடினாள். எங்கிருந்து வந்ததோ, மளமளவென்று வந்தது.

"தொடர்ச்சியான சார்பு, வரையறை. பூச்சியத்தைவிடக் குறைவான எந்தவோர் எப்சிலான் கொடுக்கப்பட்டாலும், அதற்கேற்ற ஒரு டெல்டா காண முடியுமெனில்..."

கமா, புள்ளி உட்பட ஒப்பித்து முடித்தாள். ஷர்மிளா நடுவில் ஒருதரம் புருவத்தைத் தூக்கினாள்.

"இதையா மறந்துட்டேன்னீங்க?"

"இது வாயில இருக்கு மிஸ். கையில வரமாட்டேங்குதே."

ஷர்மிளா பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஜாக்கெட்டுத் துணியை எப்படி வெட்டுவீங்க?"

தமயந்திக்குச் சங்கடமாக இருந்தது. இவளுக்குக் கணக்கு வராது, தையலைப் பேசிவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறாள் போல.

"நாலா மடிச்சு வெட்டுவோம்."

"ஒரு அம்மா வர்றாங்க. சுத்தளவுல அரை இஞ்சு முன்னப்பின்ன இருந்தாப் பரவாயில்லைங்கிறாங்க. வெட்டும்போது நீங்க எவ்வளவு பிசகலாம்?"

"ஒரு நூல்."

"நூல்னா?"

"இஞ்சுல எட்டுல ஒரு பங்கு. நாலு மடிப்புல்ல மிஸ்? கத்திரி ஒரு நூல் பிசகினா, பிரிச்சு விட்டா நாலு நூலு. அது அரை இஞ்சு."

ஷர்மிளா எழுந்து போய்ப் போர்டில் எழுதினாள். அரை இஞ்சு. பக்கத்தில், ஒரு நூல்.

"இன்னொருத்தவங்க. கால் இஞ்சுதான் பிசகலாம்கிறாங்க."

"அரை நூல்."

அதையும் எழுதினாள்.

"இன்னும் கறாரா ஒருத்தவங்க. அரைக்கால் இஞ்சு."

"கால் நூல். கண்ணாடி போட்டுக்கிட்டு வெட்டணும்." தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. "எவ்வளவு கறாரா வந்தாலும் சரி மிஸ். அவங்க சொல்றதை நாலால வகுத்துக்க வேண்டியதுதான்."

ஷர்மிளா இடது பக்கம் எழுதிய அளவுகளுக்கு மேலே எப்சிலான் என்று போட்டாள். வலது பக்கம் மேலே, டெல்டா.

தமயந்தி போர்டையே பார்த்தாள்.

"அக்கா, ஒருத்தவங்க வந்து துளிகூடப் பிசகக் கூடாதுங்கிறாங்க."

"கையெடுத்துக் கும்பிட்டு வேற கடைக்கு அனுப்பிடுவேன்."

"பூச்சியத்தைவிடக் குறைவாப் பிசகணும்னு வந்தா?"

"அது எப்படி மிஸ்? பிசகே வேணாம்கிறதுக்கும் கீழ என்ன இரு..."

நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்தது. மறுபடியும் ஒப்பித்துப் பார்க்கிறாள்.

"ஐயோ மிஸ். குறைவான இல்ல. பெரிய! பூச்சியத்தைவிடப் பெரிய!"

"ஆமாக்கா."

"ஹாஸ்டல்ல ஒரே நோட்டைப் பார்த்து முப்பது பேர் எழுதினோம். அப்படியே மனப்பாடம் பண்ணினோம். பரீட்சையிலயும் அப்படியே எழுதினேன் மிஸ்!"

"மார்க்கு?"

"முழு மார்க்கு!"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். தமயந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் இதை மறக்கலையா மிஸ்?"

"தெரிஞ்சிருந்தாத்தானே அக்கா மறக்க?"

வெளியே பியூன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போனார்.

"ஆபீஸ் மூடப்போறாங்க," என்றாள் ஷர்மிளா. கையை நீட்டினாள். "லெட்டரைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

தமயந்திக்குக் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. கவரை மடியில் போட்டு, அதன்மேல் பேனாவால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இது காட்டன் துணி. எங்க வெட்டினாலும் நாலு மடங்குதான். பனியன் துணின்னா ஒரு இடத்துல கம்மியா இழுக்கும், ஒரு இடத்துல ஜாஸ்தியா இழுக்கும். அப்ப எல்லா இடத்துக்கும் ஒரே டெல்டா போதுமா?"

ஷர்மிளா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"அது அடுத்த வருஷப் பாடம், அக்கா."