கம்புக்குக் களைப்பு

தவிட்டாங்குளத்தில் கிணறு வெட்டிகள் ஆறு பேர். அதில் ஐந்து பேருக்கு அறிவு கிடையாது. அந்த ஐந்து பேருக்கும் யோசனை சொல்கிறவன் கொப்பையா.

பகலெல்லாம் பாறை உடைத்துவிட்டுச் சாயங்காலம் சிலம்பம் பழக வருவார்கள். கம்பைத் தொட்டதும் கொட்டாவி வந்துவிடும். அவர்களில் சங்கிலி என்கிறவன் நின்றபடியே குறட்டை விடுவான்.

அந்த வருஷம் கொப்பையாவுக்கு மனசு சரியில்லை. அம்மன் திருவிழாவில் கல்லுமேட்டுக்காரர்களோடு போட்டி. எந்த ஊர்க் கம்பு கடைசிவரை கீழே விழாமல் நிற்கிறதோ, அந்த ஊர்தான் சப்பரத்துக்கு முன்னால் போகும். கல்லுமேடு அவன் பெண்டாட்டி பிறந்த ஊர். அவள் அண்ணன் கருப்பணன் போன வாரம் வந்து கறிச்சோறு தின்றுவிட்டு, "மாப்ளே, தோத்துட்டா எங்க ஆளுங்க செருப்பையெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெண்டாட்டியும் சிரித்துவிட்டாள். அதுதான் தாங்கவில்லை.

திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆசான் வெள்ளைச்சாமி வாய்க்காலில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார்.

"வகுப்பை நீ பாத்துக்க கொப்பையா. யாரு களைச்சிருக்கான்னு முதல்ல பாரு. களைச்சா ஓய்வு கொடு. தெம்பா இருக்கிறவன் சுத்தட்டும். வகுப்பு கலகலன்னு இருக்கணும்."

அன்று சாயங்காலமே கொப்பையா விசாரணையை ஆரம்பித்தான்.

"யாருப்பா களைச்சிருக்கிறது?"

"நான்தான்" என்றான் சங்கிலி.

"அவசரப்படாதே. இப்ப கம்பைத் தூக்கினா எப்படி இருக்கு?"

"கனமா இருக்கு."

"காலையிலே?"

"லேசா இருந்துச்சு."

"அப்ப கனத்துப்போனது நீயா, கம்பா?"

சங்கிலி தன் இரண்டு காலையும் பிடித்துத் தன்னையே தூக்கிப் பார்த்தான். வரவில்லை. "நான் எப்பவும் இவ்வளவுதான். கம்புதான் கனத்திருக்கு."

"பாவம்" என்றான் மொக்கராசு. "நாம நின்ன இடத்துல நிக்கிறோம். சுத்திச் சுத்திச் சாகிறது அதுதானே."

ஆறு பேரும் கம்புகளைப் பார்த்தார்கள்.

முதலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். நுனியில் கஞ்சி தடவினார்கள். எறும்பு வந்து துடைத்துவிட்டுப் போனது. "எவ்வளவு பசி பாரு" என்று மறுபடியும் தடவினார்கள்.

"ஆசான் சொன்னபடி கம்பு ஓய்வா நிக்கட்டும். தெம்பா இருக்கிற நாம சுத்துவோம்" என்றான் கொப்பையா.

நிற்க வைப்பதென்றால் நட வேண்டும். நடுகிறவர்கள் கிணறு வெட்டிகள். கடப்பாரை போட்டு மூன்றடி தோண்டி, கம்பை இறக்கி, கல் கொட்டி இடித்தார்கள். பிறகு ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றினார்கள். மொக்கராசு விழுந்தான். அவன்மேல் சங்கிலி விழுந்தான். எழுந்து மறுபடியும் சுற்றினார்கள். அந்த எட்டு நாளும் வகுப்பில் ஒரு கொட்டாவி கிடையாது.

போட்டியன்று மத்தியானமே களத்துக்குப் போய்க் குழி தோண்டிக் கம்பை நட்டுவிட்டார்கள். கல்லுமேட்டுக்காரர்கள் கம்பு சுழற்றிக்கொண்டு வந்தபோது, இவர்கள் கம்பைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருந்தார்கள். கருப்பணன் சிரித்துக்கொண்டே ஓங்கி ஓர் அடி வைத்தான். நட்ட கம்பு அசையவில்லை. அவன் கம்புதான் எகிறிப்போய்த் தவில்காரர் மடியில் விழுந்தது. மற்றவர்களும் ஆளுக்கோர் அடி அடித்துக் கை எரிந்து கம்பை விட்டார்கள். அதற்குள் தலை சுற்றித் தவிட்டாங்குளத்து ஆறு பேரும் மல்லாந்திருந்தார்கள்.

ஊர்த்தலைவர் களத்தைப் பார்த்தார். ஆட்கள் கீழே. ஆறு கம்பு மட்டும் நேராக நின்றது.

"தவிட்டாங்குளத்துக் கம்பு ஜெயிச்சது. சப்பரத்துக்கு முன்னால வாங்கப்பா."

கொப்பையா படுத்தபடியே யோசித்தான். "நாங்க எப்படிங்க வர்றது? நாங்கதான் விழுந்துட்டோமே. ஜெயிச்சது கம்பு. அதுதான் முன்னால போகணும்."

தலைவருக்கும் அது நியாயமாகப் பட்டது. சப்பரத்தைக் கொண்டுவந்து கம்புகளுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாளும் சப்பரம் அங்கேயே நின்றது. கருப்பணன் தோளில் துண்டோடு வந்தான்.

"என்ன மாப்ளே, உங்க கம்பு இன்னும் கிளம்பலையா?"

கொப்பையா தரையோடு தரையாகக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.

"கிளம்பிடுச்சு மச்சான். நேத்தைக்கு இன்னிக்கு அரை விரல் நகர்ந்திருக்கு. நீங்க கொஞ்சம் வழி விட்டு நில்லுங்க."

கருப்பணன் ஒதுங்கி நின்றான்.