வெளிறிய பொன்

பொழுது சாய்ந்ததும் காரியின் வலது கையை வெட்டுவதென்று தீர்ப்பாகியிருந்தது. சுரங்கத்துப் பொன்னை உருக்கிக் கட்டியாக்குவது அவன் வேலை. இந்த மாதக் கட்டி வெளிறியிருந்தது. வெள்ளியைக் கலந்துவிட்டு, அந்த எடைக்குப் பொன்னை எடுத்துக்கொண்டான் என்றார்கள்.

கட்டியை உரைகல்லில் உரைத்துப் பார்த்து, முதலில் அப்படிச் சொன்னவன் சேந்தன். அவனுடைய குரு எயினியம்மாள் அப்போது ஊரில் இல்லை. திரும்பியதும் சேதி கேட்டு, நேரே சுரங்கத்துக்கு நடந்தாள். சேந்தன் பின்னால் ஓடினான்.

"எத்தனை தடவை உரைத்தாய்?"

"மூன்று தடவை, அம்மா. மூன்றிலும் பத்துக்கு மூன்று பங்கு வெள்ளி."

"சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்."

"பிறகு இங்கே எதற்கு வந்தோம்?"

அவள் விளக்குடன் கயிற்றைப் பிடித்து இறங்கினாள்; அவனும் பின்னால் இறங்கினான்.

பாறைக்குள் நரம்புபோல் வெள்ளைக்கல் ஓடியது. போன மாதம் வரை வெட்டிய மேல்பகுதியில் அது துருவேறிச் சிவந்திருந்தது. அங்கே ஒரு துண்டு உடைத்துக்கொண்டாள். இந்த மாதம் வெட்டத் தொடங்கிய அடிப்பகுதியில் அதே கல் பால்போல் வெளுத்திருந்தது. அங்கேயும் ஒரு துண்டு.

மேலே தண்டனைக்கான முரசு கேட்டது.

"அம்மா, நேரமாகிறது."

"உனக்கா, காரிக்கா?"

இரண்டு துண்டுகளையும் நொறுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொன்மணியைப் பொறுக்கி, உரைகல்லோடு நீட்டினாள்.

"உரை."

மேல்கல்லின் பொன் மஞ்சளாகக் கோடிட்டது. அடிக்கல்லின் பொன் வெளிறியிருந்தது. காரியின் கட்டியைப் போலவே.

சேந்தன் இரு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். "கல்லுக்குள் போய் யார் வெள்ளியைக் கலந்தது?"

"பாறைக்குள் வந்தபோதே பொன்னும் வெள்ளியும் சேர்ந்துதான் வந்தன. மேலே மழைநீர் இறங்கி இறங்கி வெள்ளியைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இவ்வளவு ஆழத்துக்கு அது எட்டவில்லை."

மறுபடியும் முரசு. சேந்தன் உரைகல்லையும் இரு மணிகளையும் எடுத்துக்கொண்டு ஏறினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது காரியின் கை மரக்கட்டைமேல் இருந்தது. தீர்ப்புச் சொன்ன அதிகாரியிடம், எந்த மணி எங்கே கிடைத்தது என்று சேந்தன் சொன்னான். அவர் இரண்டு கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். இன்னொரு முறை உரைக்கச் சொன்னார். பிறகு, "அவிழ்த்து விடுங்கள்" என்றார்.

காரி எழுந்து போனான். சேந்தனை அவன் பார்க்கவில்லை.

எயினியம்மாள் மெல்ல நடந்து வந்து சேர்ந்தாள்.

"அம்மா, இந்த உரைகல் என்னை ஏமாற்றிவிட்டதே."

"வெள்ளி இருக்கிறது என்று கல் சொன்னது. இருந்தது. திருடன் என்று சொன்னது யார்?"