ஒழுகாத கால்சட்டை

தெளிவூரில் யாரும் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான். மற்ற ஊர்களில் மழை பெய்தால் குடை பிடிப்பார்கள். தெளிவூரில் முதலில் கூட்டம் போடுவார்கள். கூட்டம் முடிவதற்குள் மழை நின்றுவிடும். நம்முடைய கூட்டத்துக்குப் பயந்துதான் மழை நின்றது என்று தீர்மானம் போட்டுவிட்டு, நனைந்த வேட்டியோடு கலைந்து போவார்கள்.

அந்த ஊர் கோதண்டத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாவம், நல்ல மனிதன். யார் என்ன சொன்னாலும் செய்வான். அதுதான் அவனிடம் இருந்த ஒரே குறை. கடைசியில் பக்கத்து ஊர் பச்சையப்பன், மகளைக் கொடுப்பதற்கு அரை மனதோடு இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது.

"ஏரிக்கரை ஊருன்றீங்க. விரால் குழம்பு இருக்கணும். விரால் துள்ளிக்கினு இருக்கணும். செத்த மீனை நான் கையால தொடமாட்டேன்."

தெளிவூர் ஏரியில் விரால் நடு ஏரியில்தான் இருக்கும். அதைப் பிடிக்க, காற்றடித்த லாரி டியூபின் நடுவே பலகை கட்டி உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு தூண்டில் போடவேண்டும். அங்கேதான் சிக்கல். போன முறை பெண் வீட்டார் வருவதற்கு முந்தின நாள், கோதண்டத்தின் பாதத்தில் கெளுத்தி மீனின் முள் குத்திவிட்டது. வந்தவர்கள் அவன் நொண்டுவதைப் பார்த்தார்கள், காபியைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். இந்த முறை விராலும் கிடைக்கவேண்டும், காலும் தப்பவேண்டும்.

யோசனை கேட்கத் தாண்டவராயனிடம் போனான். ஊரிலேயே பெரிய மூளை அவருக்குத்தான். வீட்டுச் சாவி தொலைந்துவிடக் கூடாது என்று அதை வீட்டுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டியவர். இன்றுவரை அந்தச் சாவி தொலையவில்லை. இவருக்கு ஆமாம் போடுவதற்கென்றே சின்னதுரை என்று ஒருவன், கூடவே இருப்பான்.

"டவுன்ல பாதத்தையும் சேத்து மூடுற ரப்பர் கால்சட்டை விக்கிறான்" என்றார் தாண்டவராயன். "அதைப் போட்டா முள்ளும் ஏறாது, தண்ணியும் ஏறாது."

"ஆமாம் மாமா, ரப்பர்னா ரப்பர்தான்" என்றான் சின்னதுரை.

மூன்று பேரும் டவுனுக்குக் கிளம்பினார்கள். தூண்டில் கடை வைத்திருந்த பாய் பொறுமைசாலி. அன்று காலையில் அப்படித்தான் இருந்தார்.

"முழங்கால் வரைக்கும் இருக்கு, இடுப்பு வரைக்கும் இருக்கு, மார் வரைக்கும் இருக்கு. எது வேணும்?"

தாண்டவராயன் கோதண்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "நடு ஏரியில ஆழம் எவ்ளோ?"

"ரெண்டு ஆள் ஆழம் மாமா."

"அப்போ ரெண்டு ஆள் உயரத்துல ஒண்ணு குடுங்க பாய்."

பாய் தலையைச் சொறிந்துகொண்டார். டியூபில் மிதக்கிறவனுக்கு மார் வரைக்கும் இருந்தால் போதும் என்று எடுத்துச் சொன்னார். வியாபாரத்துக்காகப் பொய் சொல்கிறார் என்று மூன்று பேருக்கும் புரிந்தது. ஆனாலும் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்கள்.

"டியூப்ல உட்காந்துதானே மீன் பிடிப்பீங்க? நின்னு பாத்து வாங்காதீங்க. உட்காந்து பாத்து வாங்குங்க" என்றார் பாய்.

மூன்று பேரும் உடனே கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொக்கியில் தொங்கிய கால்சட்டையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"இப்போ பாத்தா நல்லாத்தான் இருக்கு" என்றான் சின்னதுரை. "நின்னா இந்த அழகு தெரியல."

அளவு எடுக்கும்போது பாய் இன்னொன்றும் சொன்னார். குளிருக்கு உள்ளே கம்பளி போட்டுக்கொள்கிற மாதிரி கொஞ்சம் தாராளமாக வாங்கவேண்டும். தாண்டவராயன் தாராளத்தில் குறை வைக்கவில்லை. கடையிலேயே பெரியதை எடுத்தார். அதற்குள் கோதண்டம் குடும்பத்தோடு குடியிருக்கலாம்.

நீந்துவதற்கு வாத்துக்கால் போல அகலமான ரப்பர் செருப்பும் வாங்கினார்கள். "இதை மாட்டிக்கினு முன்னாடி நடந்தா தடுக்கி விழுவீங்க. பின்னாடியே நடங்க" என்றார் பாய். கோதண்டம் சொன்ன சொல் தட்டாதவன். அங்கேயே மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து பஸ் நிலையத்துக்குப் போனான். மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் முன்னே பார்த்து நடப்பது மரியாதையில்லை என்று மற்ற இருவரும் அப்படியே நடந்தார்கள்.

பஸ் வந்தது. மூவரும் முதுகைக் காட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார்கள். கண்டக்டர் பார்த்தார். "இறங்குறவங்க சீக்கிரம் இறங்குங்கப்பா" என்று சொல்லி விசில் கொடுத்துவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் இதே மரியாதைதான் நடந்தது. கடைசியில் நடந்தே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பாய் கடைசியாகச் சொன்ன சோதனை பாக்கி இருந்தது. "போடுறதுக்கு முன்னாடி உள்ள தண்ணி ஊத்திப் பாருங்க. ஒரு சொட்டு ஒழுகலன்னா தைரியமா போடலாம்." கால்சட்டையை வேப்பமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். மார் வரைக்கும் நிரம்பியது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"போட்டுக்கலாமா மாமா?" என்றான் கோதண்டம். "தண்ணிய கொட்டிடட்டுமா?"

"நில்லுடா. கொட்டிட்டா அப்புறம் ஒழுகுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

கோதண்டம் கட்டை அவிழ்க்கப் போன கையை இழுத்துக்கொண்டான்.

"அதுவுமில்லாம" என்று சின்னதுரை விரலைத் தூக்கினான். "உள்ள ஏற்கெனவே தண்ணி ரொம்பிக் கெடக்கு. இதுக்கு மேல ஏரித் தண்ணி நுழையணும்னா இடம் ஏது?"

தாண்டவராயன் முதல் முறையாகச் சின்னதுரையைப் பொறாமையோடு பார்த்தார்.

கோதண்டத்தைக் கிளையில் ஏற்றி, அங்கிருந்து கால்சட்டைக்குள் இறக்கினார்கள். பாதித் தண்ணீர் வெளியே தளும்பியது. குளிரில் பல் கிட்டித்துப் போனதில் அவனால் ஆட்சேபிக்க முடியவில்லை. நடக்கவும் முடியவில்லை. தள்ளுவண்டியில் படுக்கவைத்தால் கொட்டிவிடும் என்று நிறுத்திக் கட்டி ஏரிக்குக் கொண்டுபோனார்கள். கரையில் டியூபில் உட்காரவைத்து, பாய் சொன்னபடி பின்பக்கமாகத் தள்ளிவிட்டார்கள்.

முட்டாளுக்கும் ஒரு நல்ல நாள் உண்டு போலிருக்கிறது. தூண்டிலில் ஒரு பெரிய விரால் மாட்டியது. கோதண்டம் கத்தினான்.

"மாமா, எங்க வைக்கிறது? வெளிய வச்சா செத்துப்பூடும்!"

"உயிரோட இருக்கணும்னா தண்ணியில விடுடா!" என்று கரையிலிருந்து கத்தினார் தாண்டவராயன்.

"ஏரியிலயா?"

"ஏன், உன்கிட்ட தண்ணி இல்லையா?"

கோதண்டம் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். இருந்தது. கொக்கியைக் கழற்றி விராலை உள்ளே விட்டான். பிறகு அவன் போட்ட சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டதாம். மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று கரையில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

வீட்டு வாசலில் அவனை வண்டியிலிருந்து இறக்கி நிறுத்தியபோது பச்சையப்பன் வந்துவிட்டார். உள்ளே கோதண்டத்தின் அக்கா தனக்கோட்டி புளியைக் கரைத்து, மசாலா அரைத்து, மீனுக்காகக் காத்திருந்தாள். தம்பிக்கு இந்த இடமாவது அமையவேண்டுமே என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் பச்சையப்பன்.

"கால்சட்டைக்குள்ள இருக்காரு" என்றான் சின்னதுரை.

"விரால்?"

"அதுவும் அங்கதான்."

பச்சையப்பன் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து விரால் துள்ளியது. கோதண்டமும் துள்ளினான். பச்சையப்பனின் முகம் மலர்ந்தது.

"மீனைக் குடுங்க, குழம்புல போடணும்" என்று சட்டியோடு வந்தாள் தனக்கோட்டி.

"நில்லும்மா" என்று தடுத்தார் பச்சையப்பன். "தண்ணியிலேர்ந்து எடுத்தா செத்துப்பூடுமே. செத்த மீனை நான் தொடமாட்டேன்னு சொல்லியிருக்கேனே?"

தெளிவூர்க்காரர்கள் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். பக்கத்து ஊரிலும் இப்படியொரு மூளையா! தாண்டவராயன் மோவாயைத் தடவினார்.

"மீன் குழம்புக்கு வரக்கூடாதுன்னா, குழம்புதான் மீன்கிட்ட போவணும்."

தனக்கோட்டி புளிக்கரைசலைத் தம்பியின் மார்புப் பக்கமாக ஊற்றினாள். உப்பைப் போட்டாள். மஞ்சளைப் போட்டாள். மசாலா வந்தபோது மட்டும் கோதண்டம் வாயைத் திறந்தான்.

"அக்கா, மொளகா மட்டும் வேணாங்கா!"

"கல்யாணம் வேணுமா வேணாமாடா உனக்கு?" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பச்சையப்பன் ஒரு கரண்டி மொண்டு ருசி பார்த்தார். "உப்பு சரியா இருக்கு. புளி கொஞ்சம் தூக்கல். ஆனா மீன் வேகலையே?"

"சூடு பத்தல. மார்கழி இல்லையா" என்றார் தாண்டவராயன். "மாப்பிள்ளைய வெயில்ல நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். எதிரே வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து, பச்சையப்பன் உட்கார்ந்தார். கோதண்டத்தின் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. ஆனாலும் அவன் அசையாமல் நின்றான். அதைப் பார்த்துப் பச்சையப்பனின் மனது உருகிவிட்டது.

"இவ்ளோ பொறுமையான மாப்பிள்ளை எங்க கிடைப்பாரு? பொண்ணு உங்களுக்குத்தான். தையில கல்யாணம்" என்றார்.

தனக்கோட்டி கரண்டியோடு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார் பச்சையப்பன், இலையை நேராக்கிக்கொண்டே. "எங்க பக்கம் ஜனம் ஜாஸ்தி. இதே மாதிரி இன்னும் பத்துக் கால்சட்டை வாங்கி வச்சிடுங்க. உள்ள நிக்கிறதுக்கு ஆளுங்கள நான் கூட்டியாறேன்."