ஆளுக்கு ஒரு நம்பர்

சுண்டங்குளம் மேலத்தெருக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

ஒரே மாதத்தில் அந்தத் தெருவில் மூன்று பெண்களின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து பெண் எஸ்.ஐ. வந்து கூட்டம் போட்டுச் சொன்னார்: "வீரத்தைக் காட்டுதேன்னு உயிர விட்டுராதீங்க. துரத்தாதீங்க, ஆளைத் தொடாதீங்க. வண்டி நம்பரை மட்டும் பாத்துச் சொல்லுங்க. நம்பர் கிடைச்சா களவாணி கிடைச்ச மாதிரி."

அன்று சாயங்காலமே பாதுகாப்புக் கமிட்டி அமைந்துவிட்டது. தலைவர், டெய்லர் மாசிலாமணி. மற்றவர்களைவிட அவருக்குத்தான் கவலை அதிகம். மனைவி செல்லக்கனியின் கழுத்தில் ஐந்து பவுன் சங்கிலி கிடந்தது. பிறந்த வீட்டில் போட்டு அனுப்பியது. அது போனால் அவள் முகம் வாடிப்போகும். அதை அவரால் தாங்க முடியாது. அப்புறம் அவள் பேச ஆரம்பிப்பாள். அதையும் தாங்க முடியாது.

கமிட்டி கூடியதுமே ஒரு சிக்கல் வந்தது.

"நம்பர்ல நாலு எண் இருக்கும்வே. வண்டி சர்ருனு போயிரும். ஒத்த ஆளு நாலையும் எப்படி மனசுல வைக்க?" என்றார் பேச்சிமுத்து.

"நாம எத்தன பேரு இருக்கோம்?" என்று மாசிலாமணி கேட்டார்.

தங்கப்பழம் சுற்றுமுற்றும் பார்த்து எண்ணினார். "என்னையும் சேத்தா நாலு, அண்ணாச்சி."

"அப்ப ஆளுக்கு ஒண்ணு."

சபை அசந்துபோனது. இப்பேர்ப்பட்ட மூளை ஜாக்கெட் தைத்து வீணாகிறதே என்று சூசை மனசார வருந்தினார். முதல் எண் மாசிலாமணிக்கு, இரண்டாவது பேச்சிமுத்துவுக்கு, மூன்றாவது தங்கப்பழத்துக்கு, கடைசி சூசைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அடுத்தவர் எண்ணை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குச் செல்லக்கனி ரேஷன் கடையிலிருந்து சீனிப் பையோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்த வண்டியில் இரண்டு பேர். ஒருவன் ஒரே வீச்சில் சங்கிலியை அறுத்தான். வேகமெடுத்த வண்டி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் சறுக்கி, கமிட்டி நின்ற இடத்திலேயே சாய்ந்தது. திருடர்கள் இருவரும் மணலில் உருண்டார்கள்.

"பிடிங்க! ஏங்க, பிடிங்க!" என்று செல்லக்கனி அலறினாள்.

மாசிலாமணியின் கை தன்பாட்டில் முன்னே போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார். "தொடக் கூடாதுன்னு உத்தரவு, செல்லம்!"

நான்கு பேரும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்தார்கள்.

"அண்ணாச்சி, என் நம்பர்ல சகதி அப்பியிருக்கு," என்றார் தங்கப்பழம்.

மாசிலாமணி தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார். எழுந்து நின்ற திருடர்களிடம், "செத்த பொறுங்க தம்பிகளா, இன்னும் ரெண்டு பேரு பாக்கணும்," என்று தன்மையாகச் சொன்னார். அவர்கள் ஒன்றும் புரியாமல் பொறுத்தார்கள். பிறகு எத்தனை உதைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆளைத்தான் தொடக் கூடாது, வண்டியைத் தொடலாம் என்று பேச்சிமுத்து விளக்கம் சொன்னதால், நால்வரும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். வண்டி பறந்தது.

செல்லக்கனியையும் கூட்டிக்கொண்டு நால்வரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "நம்பர்?"

"ஏழு," என்றார் மாசிலாமணி.

"மூணு," என்றார் பேச்சிமுத்து.

"எட்டு," என்றார் தங்கப்பழம்.

சூசைக்குக் கண் கலங்கிவிட்டது. "இவங்க மூணு பேருக்கும் நல்ல நம்பரா விழுந்திருக்கு மேடம். எனக்கு ஒண்ணுமே இல்ல. வெறும் முட்டையப் போட்டு ஏமாத்திட்டான், களவாணிப்பய!"

எஸ்.ஐ. நெற்றியைத் தேய்த்தபடி பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தட்டினார். சட்டென்று நிமிர்ந்தார். "டெய்லர் மாசிலாமணி, மேலத்தெரு. இந்த நம்பர் வண்டி உங்க பேர்லல்லா இருக்கு!"

அதற்குள் போன் அடித்தது. அவர் பேசப் போய்விட்டார்.

"அண்ணாச்சி... நீங்களா?" என்றார் பேச்சிமுத்து, மெல்லிய குரலில்.

மாசிலாமணி யோசித்தார். செல்லக்கனி ரேஷன் கடைக்குப் போனது தனக்குத் தெரியும். சங்கிலி எத்தனை பவுன் என்றும் தெரியும். களவு நடந்தபோது அதே இடத்தில் நின்றிருக்கிறார். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. கட்டிய மனைவிக்கே இப்படிச் செய்துவிட்டானே இந்த மாசிலாமணி என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து, திறந்து கிடந்த லாக்கப்புக்குள் போய், கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

எஸ்.ஐ. போனை வைத்துவிட்டு ஓடிவந்தார். "சங்கிலி கிடைச்சிட்டு! பெட்ரோல் இல்லாம பாலத்துப் பக்கம் நின்னிருக்கானுவ, ரெண்டு பேரையும் பிடிச்சாச்சு. உங்க வீட்டு வாசல்ல நின்ன வண்டியத்தான் காலைல தூக்கியிருக்கானுவ. வெளிய வாங்க அண்ணாச்சி."

"வாங்க, வீட்டுக்குப் போவோம்," என்று செல்லக்கனியும் அழுகையும் சிரிப்புமாகக் கூப்பிட்டாள்.

மாசிலாமணி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஏமாந்துராதீங்க மேடம். இந்த ஆளை எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும். வெளிய விட்டீங்கன்னா, நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவான்!"