பிடியை விட்ட மோட்டார்

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. காக்கையும் நரியும் பேசிப் பேசி அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்ட பிறகு, வண்டிகள் பேச ஆரம்பித்த காலம் அது. ரொம்பவே பேசின என்றுதான் சொல்ல வேண்டும். அதிலும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இருக்கிறதே, அதன் வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. "என்னை உதைச்சாத்தான் எழுந்திருப்பேன். மெதுவா கூப்பிட்டா காதுலயே விழாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிடும். ஊரில் வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் விடிந்ததும் அதை உதை உதை என்று உதைப்பார்கள். சில நாள் எஞ்சினுக்குக் கோபம் வந்துவிட்டால் அதுவும் திருப்பி உதைக்கும்.

அப்படித் திருப்பி உதைத்ததில்தான் தையல்நாயகியின் வலது முட்டி போயிற்று.

தையல்நாயகி வேதாரண்யம் பக்கத்தில் உப்பளத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறவள். உப்பளத்தில் எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான், ஆனால் ஒரு வாய் குடிக்க முடியுமா? நாற்பது பேர் அங்கே வெயிலில் நின்று உப்பு வாருவார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள். அவள் வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டதுமே ஆளாளுக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறுவார்கள். தன் சத்தம் கேட்டு நாற்பது முகம் திரும்புகிறதே, அதற்கு ஈடு உண்டா என்று நினைப்பாள்.

முட்டி போன பிறகு உதைக்க முடியவில்லை. எதிர்வீட்டு டீக்கடை வைரக்கண்ணுதான் தினமும் வண்டியைப் பின்னால் இருந்து தள்ளிவிடுவார். நல்ல மனுஷர். ஆனால் அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். எஞ்சின் எழுந்து வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் பிடியை விடமாட்டார். பின்கம்பியைப் பிடித்தபடியே தெருமுனைவரை கூட ஓடிவருவார்.

"அண்ணே, விடுங்கண்ணே! போயிடுவேன்!"

"நீ போயிடுவே தாயீ, எங்கயாச்சும் விழுந்து வெச்சா யாரு தூக்குறது?"

இதில் இன்னொரு வேதனையும் இருந்தது. உப்பளத்து வரப்பு ஒற்றையடி அகலம். அங்கே வண்டி நின்றுவிட்டால் தள்ளி எழுப்ப வழியே இல்லை. அதனால் அவள் எஞ்சினை நிறுத்தவே மாட்டாள். அது உறுமிக்கொண்டே நிற்க, தண்ணீரை ஊற்றிவிட்டு அவசர அவசரமாகத் திரும்பிவிடுவாள். யாரோடும் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் காலை நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. வைரக்கண்ணு தள்ளினார், எஞ்சின் சட்டென்று எழுந்தது, வண்டி பாய்ந்தது. அவர் வழக்கம்போல விடவில்லை. கால் தடுக்கிக் குப்புற விழுந்தார். அவர் விழுந்த இழுப்பில் வண்டியும் சாய்ந்தது. கேன்கள் உருண்டன. பிடித்து வைத்த தண்ணீர் முழுவதும் தெருமண்ணில் போயிற்று. எஞ்சின் "அப்பாடா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டது.

வைரக்கண்ணுவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. தெருவில் வேறு ஆளில்லை. எல்லோரும்தான் அளத்தில் இருக்கிறார்களே! தையல்நாயகி நொண்டி நொண்டிக் குழாயடிக்குப் போய்க் கேன்களை மறுபடி நிரப்பினாள். நிரப்பி என்ன செய்ய? வண்டியை எழுப்ப ஆள் வேண்டாமா? வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

"வித்துடு தாயீ" என்றார் வைரக்கண்ணு, கையைத் துண்டில் கட்டிக்கொண்டு. "இது உனக்கு ஆகாது. நான் சொல்றேன்னு வருத்தப்படாதே."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டி போனால் தண்ணீரும் போச்சு, தன் சத்தத்துக்குத் திரும்பும் அந்த முகங்களும் போச்சு. வண்டிப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, "ஏய், உங்கள்ல ஒருத்தருக்கும் மனசு இல்லையா? நாற்பது பேர் நாக்கு வறண்டு நிக்கிறாங்க" என்றாள்.

எஞ்சின் குறட்டை விட்டது. ஆனால் டீக்கடையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியைச் சுற்றுகிற மோட்டார் அது. "அக்கா, எனக்குச் சுத்தத் தெரியும். கை வீங்குற ஆள் இல்லை நான். ஆனா மூச்சு கொஞ்சம்தான். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடணும்."

வண்டியின் பேட்டரி அதைக் கேட்டது. அதுவரை விளக்குக்கும் ஹாரனுக்கும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் ஊற்றிக்கொண்டிருந்த பிராணி அது. "ஒரே மூச்சுல வேணும்னா தர்றேன். ஆனா அது பெரிய வெள்ளம். யாரு வாசலைத் திறக்கிறதுன்னு பார்த்துக்கோங்க" என்றது.

கேன் கட்டிக் கட்டிப் பழகிய கை அவளுடையது. மோட்டாரைக் கொண்டுவந்து, அதன் பல்சக்கரம் எஞ்சினின் சக்கரத்தோடு சேரும்படி இறுக்கிக் கட்டினாள். கைப்பிடி ஓரத்தில் ஒரு பட்டனை வைத்துப் பேட்டரியின் கம்பியை நேராக அதில் மாட்டினாள். அழுத்தினாள். "ஐயோ!" பட்டன் கொதித்துவிட்டது, விரலும் சுட்டுவிட்டது. அவ்வளவு பெரிய வெள்ளத்தை அந்தச் சின்னப் பட்டன் எப்படித் தாங்கும்?

அப்போது கடைக்கதவின் இரும்புத் தாழ்ப்பாள் தொண்டையைக் கனைத்தது. "என் இடுப்பைச் சுத்திச் செம்புக்கம்பி கட்டு. பட்டன்லேருந்து சின்னதா ஒரு சேதி அனுப்பு, போதும். பெரிய வாசலை நான் திறந்துவிடறேன். கதவு திறக்கிறதுதானே என் பொழப்பு?"

தாழ்ப்பாளைக் கழற்றி வண்டியில் பொருத்தி, அப்படியே செய்தாள். இரண்டாம் தடவை அழுத்தினாள். டக்! தாழ்ப்பாள் திறந்தது. வெள்ளம் பாய்ந்தது. மோட்டார் "ம்ம்ம்" என்று முக்கியது, முனகியது, நின்றுவிட்டது.

"என்னடா?" என்றார் வைரக்கண்ணு. அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது.

"பங்கு பத்தலை" என்றது பேட்டரி மூச்சு வாங்கியபடி. "அந்த விளக்கைப் பாருங்க."

வண்டியின் விளக்கு பட்டப்பகலில் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. தன் அழகைத் தானே ரசிக்கிற ஜென்மம். பகலா இரவா என்ற கவலையெல்லாம் அதற்குக் கிடையாது.

தையல்நாயகி அதன் முகத்தைத் தடவிக் கொடுத்தாள். "ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்க மாட்டியா? சாகுற வரைக்கும் உன்னை மறக்க மாட்டேன்."

விளக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நிமிஷம் எல்லாம் எதுக்கு, நீ அழுத்துற நேரம் மட்டும் மூடிக்கறேன்" என்றது.

மூன்றாம் தடவை. டக்! விளக்கு கண்ணை மூடிக்கொண்டது. பேட்டரி தன் உயிரையே ஊற்றியது. மோட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றியது. எஞ்சினின் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது, ஒரு தும்மல், இன்னொரு தும்மல், அவ்வளவுதான், படபடவென்று எழுந்து நின்றுவிட்டது! யாரும் உதைக்காமல் தானே எழுந்ததை எஞ்சினாலேயே நம்ப முடியவில்லை.

ஆனால் எழுந்த எஞ்சின் சும்மா இருக்குமா? பறக்கிற வேகத்தில் சுற்ற ஆரம்பித்தது. மோட்டார் இன்னும் அதன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் அதையும் சேர்த்துச் சுழற்றியது. மோட்டாரிலிருந்து புகை வந்தது. "அக்கா, கிழிஞ்சிடுவேன் போலிருக்கே!" என்று அலறியது, ஆனால் பிடியை மட்டும் விடவில்லை.

வைரக்கண்ணு துள்ளி எழுந்தார். "விடு! விட்டுடுடா! அதான் எழுந்திடுச்சே!"

"விட்டா அது விழுந்துடுமே!"

"விழாதுடா. அது ஓட ஆரம்பிச்சாச்சு. இனிமே நீ பிடிச்சுக்கிட்டிருந்தா ரெண்டு பேரும் விழுவீங்க. என் கையைப் பாரு!"

மோட்டார் அந்த வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தது. சட்டென்று பிடியை விட்டது. எஞ்சின் தன்பாட்டுக்குச் சுற்றியது. மோட்டார் ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கியது. ஒன்றும் விழவில்லை, ஒன்றும் உடையவில்லை.

தையல்நாயகி ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள், வைரக்கண்ணுவின் நல்ல கை பழக்கதோஷத்தில் பின்கம்பியைப் பிடித்திருந்தது. அவரும் அப்போதுதான் பார்த்தார். அசட்டுச் சிரிப்பு சிரித்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"போயிட்டு வா தாயீ" என்று கையை எடுத்துக்கொண்டார்.

வழியில் எஞ்சின் பேட்டரியிடம் மெதுவாகக் கேட்டது. "எனக்காக உன்னைக் காலி பண்ணிக்கிட்டியே, பைத்தியமா நீ?"

"நீ எழுந்தா எல்லாரும் எழுந்த மாதிரிதானே" என்றது பேட்டரி, சத்தமே வராமல்.

எஞ்சின் தன் உறுமலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டது. "இனி நான் ஓடும்போதெல்லாம் உனக்கு ஊட்டிக்கிட்டே வர்றேன். பசியோட உன்னைத் தூங்க விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னது. சொன்னபடியே உப்பளம் போய்ச் சேர்வதற்குள் பேட்டரியின் வயிற்றை நிரப்பியும்விட்டது.

அளத்தில் வெயில் கொளுத்தியது. சத்தம் கேட்டு நாற்பது முகமும் திரும்பின. சொம்புகள் வரப்பில் ஏறின. "ஏன் இவ்வளவு நேரம் தையலு? செத்தோம்னே நினைச்சோம்!" என்று திட்டிக்கொண்டே குடித்தார்கள். எல்லோருக்கும் ஊற்றி முடித்ததும் தையல்நாயகி, அதுவரை அங்கே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். எஞ்சினை நிறுத்தினாள்.

எல்லோரும் பதறிப்போனார்கள். "அடிப்பாவி, இங்கே யாரு தள்ளுறது?"

"யாரும் தள்ள வேண்டாம்" என்று அவர்கள் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு சொம்பு கொடுங்க. உங்களோட கொஞ்சம் பேசிட்டுத்தான் போறேன்."

அன்று முதல்தான், பட்டனை அழுத்தியதும் வண்டிக்குள் 'டக்' என்று ஒரு தாழ்ப்பாள் திறக்கிறது. விளக்கு ஒரு கணம் மங்குகிறது. ஓடுகிற எஞ்சின் பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டே போகிறது. மோட்டாரும் அன்று முதல்தான், எஞ்சின் எழும்வரை உயிரைக் கொடுத்துச் சுற்றிவிட்டு, எழுந்த அந்தக் கணமே பிடியை விட்டுவிடுகிறது.